குனியாத ஆவுடையும் கோட்டைமலைப் புதையலும்

வெகு வெகு காலத்துக்கு முன்னால், மலைகள் மனிதர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட நாளில், குன்றையூர் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே பெரியவர்கள் யாருக்கும் தலை நிமிராது. வண்டிக்காரனுக்கும் நிமிராது, ராஜாவுக்கும் நிமிராது. ஒருவரையொருவர் காலைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

எல்லாம் சண்டதீபன் செய்த வேலை. பனைமரம் போல நெட்டையான மந்திரவாதி அவன். வயது வந்த ஒவ்வொருவரும் சந்தைத் திடலில் அவன் காலில் விழ வேண்டும். விழுந்தவர்கள் எழுந்திருப்பார்கள்; கழுத்து மட்டும் எழுந்திருக்காது. விழ மாட்டேன் என்றவர்கள் நின்ற இடத்திலேயே கல்லாகிவிடுவார்கள்.

அப்படிக் கல்லானவர்களில் ஒருத்தி கோமு. அவளுடைய தங்கைதான் நம் ஆவுடை. தாய் தகப்பன் இல்லாத அவளை வளர்த்தது அக்காதான். தினமும் காலையில் ஆவுடை திடலுக்குப் போவாள். அக்காவின் தோளில் காக்கைகள் போட்ட எச்சத்தை முந்தானையால் துடைப்பாள். அழ மாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு வீடு திரும்புவாள்.

ஆவுடையின் முறையும் வந்தது. ஊரே குனிந்து நிற்க, அவள் மட்டும் மந்திரவாதியின் முகத்தைப் பார்த்தாள்.

“குனிய மாட்டேன். கோட்டைமலைப் புதையல்தானே உங்களுக்கு வேண்டும்? பொழுது சாய்வதற்குள் கண்டுபிடிக்கிறேன். கண்டுபிடித்தால் கல்லானவர்களையெல்லாம் விட்டுவிட வேண்டும். முடியாவிட்டால் நானும் கல்லாகிப் போகிறேன்.”

சண்டதீபன் யோசித்தான். நல்வேளன் என்ற பழைய ராஜா அந்த மலையில் ஒளித்து வைத்த புதையலை அவன் எத்தனையோ பேரை ஏவித் தேடியாயிற்று. எல்லாரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். சரி என்று சொல்லிவிட்டு, அவள் கிளம்பியதும் பருந்தாக மாறிப் பின்னாலேயே பறந்தான்.

குன்றையூர்ப் பெண்பிள்ளைகள் கும்மியடிக்கும்போது ஒரு பாட்டுப் பாடுவார்கள். எந்தக் காலத்துப் பாட்டோ, யாருக்கும் தெரியாது.

*மாடு மீட்டவன் வேல்நுனி பார்,*
*மலைமேல் ஆனையின் காதைப் பார்,*
*முனிவர் படுக்கை முகட்டைப் பார்.*

அதை முணுமுணுத்துக்கொண்டே ஆவுடை அடிவாரத்துக்கு வந்தாள். அங்கே ஒரு நடுகல். கள்வர்களோடு சண்டை போட்டு ஊர் மாடுகளை மீட்டு உயிர்விட்ட வீரனுக்கு நட்ட கல். தேடி வந்தவர்களெல்லாம் கல்லின் அடியில் செதுக்கியிருந்த மாடுகளை மட்டுமே பார்த்தார்கள்; மாடுகள் போன திசையில் நடந்து முள்காட்டில் சிக்கினார்கள். ஆவுடை தலையைத் தூக்கினாள். வீரன் ஓங்கிய வேலின் நுனி, தூரத்தில் யானை படுத்தது போல் கிடந்த பாறையைக் காட்டியது.

பருந்து தலைக்கு மேல் வட்டமிட்டது. வழியெங்கும் முள் முளைத்தது. “ஒரே ஒரு தரம் குனிந்துவிடு, வழி விடுகிறேன்” என்றது.

“குனிய மாட்டேன்” என்றாள் ஆவுடை. பாதம் கிழியக் கிழிய நடந்தாள்.

ஆனைப் பாறையின் கால்மாட்டில் ஒரு சுனை. குனிந்து வந்தவர்கள் சுனையைத்தான் கண்டார்கள். அதை இறைத்து இறைத்துக் கை ஓய்ந்தார்கள். ஆவுடை அண்ணாந்து பார்த்தாள். ஆனையின் காதுக்குப் பின்னால் ஒரு வெடிப்பு. அதற்குள் பாறையில் வெட்டிய படிகள். அவள் கால் வைத்ததும் பாறை அடுப்புக்கல்லாகக் கொதித்தது.

“ஒரே ஒரு தரம் குனிந்துவிடு, குளிர வைக்கிறேன்” என்றது பருந்து.

“குனிய மாட்டேன்” என்றாள். கொப்புளித்த காலோடு மேலே ஏறினாள்.

உச்சியில் ஒரு குகை. முன்னொரு காலத்தில் முனிவர்கள் படுத்த கல்படுக்கைகள் அங்கே வரிசையாக இருந்தன. தேடி வந்தவர்கள் படுக்கைகளைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். தலைக்கு மேலே குகையின் முகட்டை யாரும் பார்க்கவில்லை. அங்கே ஒரு பொந்து. ஆவுடை கல்லின் மேல் கல்லை அடுக்கி ஏறி, கையை விட்டு இழுத்தாள்.

பொன் இல்லை, மணி இல்லை. காளைத் தோல் போர்த்திய ஒரு பழைய முரசு, அவ்வளவுதான்.

அவளுக்கு நெஞ்சு சோர்ந்துபோயிற்று. அதற்குள் பருந்து உருவை விட்டுச் சண்டதீபன் குகை வாசலில் வந்து நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது.

“கொடு அதை. தட்டாமல் கொடு.”

இவ்வளவு பெரிய மந்திரவாதி ஒரு முரசைக் கண்டு ஏன் நடுங்குகிறான்? ஆவுடை அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். கல்லானவர்களை முதலில் விடச் சொன்னாள்.

அவன் குரல் தேனாயிற்று. “கோமுவை விடுகிறேன். இப்போதே. ஒரே ஒரு தரம் குனிந்து அதை என் காலடியில் வைத்துவிடு. உன் அக்கா வீட்டில் உனக்காகக் காத்திருப்பாள்.”

ஆவுடையின் கண் முதல் தடவையாகக் கலங்கியது. அக்காவின் கைச்சூடு நினைவுக்கு வந்தது. ஆனால் அக்காவுக்குப் பக்கத்தில் நின்ற மற்றக் கற்களும் நினைவுக்கு வந்தன. அவர்களுக்கும் வீட்டில் யாரோ காத்துக்கொண்டுதானே இருப்பார்கள்?

“எல்லாரையும் விடுவதாகத்தான் பேச்சு. குனிய மாட்டேன்.”

சண்டதீபன் கையை ஓங்கினான். ஆவுடையின் பாதம் கல்லாயிற்று. முழங்கால் கல்லாயிற்று. இடுப்புவரை குளிர் ஏறியது. அவள் முஷ்டியை மடக்கி, உள்ள பலத்தையெல்லாம் கூட்டி முரசில் ஓங்கி அடித்தாள்.

மலை அதிர்ந்தது. நல்வேளன் காலத்தில் அந்த முரசு முழங்கினால் நாடே நிமிர்ந்து நிற்குமாம். அடிவாரத்தில் வயலில் நின்றவர்கள் நிமிர்ந்தார்கள். அரண்மனையில் ராஜா நிமிர்ந்தார். சந்தைத் திடலில் கற்களுக்கு மூச்சு வந்தது. ஆவுடையின் கால்களில் மறுபடி ரத்தம் ஓடியது.

சண்டதீபனோ சுருங்கினான். பிறர் குனியக் குனிய வளர்ந்த உயரம் அது. அவர்கள் நிமிர்ந்ததும் அவன் ஆவுடையின் தோளுக்குக்கூட எட்டாத ஆளாகிவிட்டான். மந்திரம் ஒன்றும் நாவில் வரவில்லை. மலையின் மறுபக்கம் இறங்கி ஓடியவன்தான், திரும்பவே இல்லை.

ஆவுடை முரசைத் தோளில் சுமந்து ஊருக்குள் வந்தபோது கோமு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். தங்கையின் காலைப் பார்த்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமலா மலை ஏறினாய் என்று திட்டினாள். அந்தத் திட்டைக் கேட்டபிறகுதான் ஆவுடை அழுதாள்.

ராஜா கோட்டைமலையையும் அதைச் சுற்றிய நிலத்தையும் அக்கா தங்கை இருவருக்கும் எழுதிக் கொடுத்தார். நன்றி தாங்காமல் ஊர்மக்கள் திரண்டு வந்து ஆவுடையின் காலில் விழப் போனார்கள்.

அவளுக்கு வந்ததே கோபம்.

“இப்போதுதானே நிமிர்ந்தீர்கள்? அதற்குள் என்ன அவசரம்?” என்றாள்.

விழப் போனவர்கள் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்து நின்றார்கள். குன்றையூரில் அன்றுமுதல் எல்லாரும் நன்றாக வாழ்ந்தார்கள். கேட்ட நீங்களும் நன்றாக இருங்கள்.