அரளிக்குட்டையில் கோடி

இரண்டு மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் இடத்தில் அரளிக்குட்டை இருந்தது. குட்டையின் நட்டநடுவில் ஓர் எல்லைக்கல். அந்தக் கல்லின்மேல் ஏறி வெயில் காய்ந்துகொண்டிருப்பான் எல்லப்பன் என்கிற ஆமை.

"தலை ஒரு ராஜ்யத்துல, வால் ஒரு ராஜ்யத்துல வெச்சுப் படுத்திருக்கேன். எந்த ராஜாவுக்கு இந்த வசதி உண்டு?" என்பான். அவனுக்குத் தன் குட்டையைப் பற்றி இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அந்தச் சீமையில் பெரிய அணை கிடையாது, ஆறு கிடையாது. எல்லாம் குட்டையும் சின்ன ஏரியும்தான். மேட்டில் தொட்டகெரெ, அதற்குக் கீழே அரளிக்குட்டை, அதற்கும் கீழே புதூர் ஏரி. ஒன்று நிரம்பி வழிந்தால் அடுத்ததற்குத் தண்ணீர் வரும். அப்படி வழிவதற்கு அங்கே 'கோடி போவது' என்று பேர். கோடி போனதும் எல்லப்பன் பயணம் கிளம்பிவிடுவான். வாய்க்கால் வழியாக ஒவ்வொரு நீர்நிலையாகப் போய், நண்டு தவளை எல்லோரிடமும் சௌக்கியம் விசாரித்துவிட்டு வருவான்.

ஒருமுறை தூரத்து அணைக்கட்டிலிருந்து வந்த கூழைக்கடா ஒன்று, "இதெல்லாம் ஒரு ஏரியா? என் அலகிலேயே மொண்டுகிட்டுப் போயிடலாம்" என்று சிரித்தது.

"மொண்டு பாருங்க. கீழே இருக்கிற ஊர்க்காரங்க எல்லாம் உங்க அலகைப் பிடிச்சுத் தொங்குவாங்க" என்றான் எல்லப்பன். கூழைக்கடா பறந்துபோயிற்று.

இந்த வருஷம் அவன் புதூர் ஏரியில் கூடுதலாகக் கொஞ்ச நாள் தங்கிவிட்டான். திரும்பி வந்து பார்த்தால், குட்டைக்குக் குறுக்கே ஒரு மண்கரை எழும்பிக்கொண்டிருக்கிறது! கிழக்கிலிருந்து நாமக்கோழிகளும் மேற்கிலிருந்து தாழைக்கோழிகளும் அலகில் சேறு கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தன. கரையோரத்துப் புங்கமர நிழலில் ஒரு நரி காலை நீட்டிப் படுத்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன திம்மராயா, என்ன வேலை நடக்குது?" என்று நாமக்கோழிகளின் தலைவனைக் கேட்டான் எல்லப்பன்.

"எல்லைக்கரை கட்டறோம். இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அவங்க. நாங்க ஏரிங்கறோம், அவங்க கெரெங்கறாங்க. ஒத்துவராதுன்னு நரியார் சொன்னாரு."

"இத்தனை வருஷமா ஒத்துவந்துச்சே?"

"தெரியாம இருந்துட்டோம்" என்றாள் சிவந்த மூக்குக்காரி கெம்பம்மா. அவள் தாழைக்கோழிகளுக்குத் தலைவி. "நரியார் வந்துதான் எடுத்துச் சொன்னாரு."

"நரியார் எந்த ஊரு?"

"எங்கேயோ வறண்ட காட்டுப் பக்கமாம். வெளியூர்க்காரர்னாத்தானே நியாயமாப் பேசுவாரு?"

நரி எழுந்து வந்து கரையின்மேல் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தது. "இன்னும் அகலம் வேணும். நாலு காலும் தாராளமா ஊணணும்" என்றது.

"எல்லைக்கு எதுக்கய்யா நாலு காலு?"

"காவல் காக்க வேண்டாமா?" என்ற நரியின் கண் எல்லைக்கல்லைப் பார்க்கவில்லை. கல்லைச் சுற்றி வளர்ந்திருந்த கோரையைப் பார்த்தது. கோரைக்குள் இரண்டு கூட்டத்தின் கூடுகளும் மிதந்தன. கூடுகளில் முட்டைகள் இருந்தன.

எல்லப்பனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "அக்கா, திம்மராயா, நல்லாக் கேட்டுக்குங்க. இதுநாள் வரைக்கும் நம்ம முட்டையைக் காப்பாத்தினது தண்ணிதான். கரை முடிஞ்சா இந்த ஆளு கால் நனையாம கூட்டுக்கு வந்துருவாரு."

பறவைகள் ஒரு நொடி நின்றன. நரி பதறவில்லை.

"இவன் எந்தப் பக்கம்னு கேளுங்க. தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். ரெண்டு பக்கமும் சொந்தம்னு சொல்றவன் எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லை" என்றது.

கெம்பம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திம்மராயன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "கரை முடியற வரைக்கும் நீ கல்லு மேல ஏறாத எல்லப்பா."

எதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டானோ அதையே குற்றமாக்கிவிட்டார்கள். ஆனால் எல்லப்பன் அழுதுகொண்டு நிற்கவில்லை. மேற்கே மேட்டுக்கு அந்தப் புறம் வானம் கறுத்து மழை இறங்கிக்கொண்டிருந்தது. கரை முடிவதற்குள் தண்ணீர் வந்தாக வேண்டும். அவன் வாய்க்காலில் இறங்கி மேட்டைப் பார்த்து நடந்தான்.

தொட்டகெரெ விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தது. ஆனால் வழியவில்லை. வாய்க்கால் வாயில் காட்டாமணக்கு புதராக மண்டி, குப்பையும் கொடியும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தது.

"வா, வா எல்லப்பா. இந்த வருஷம் எங்களை மறந்துட்டியோன்னு பார்த்தோம்" என்றது கரைப்பொந்தில் இருந்த கிழட்டு நண்டு.

எல்லப்பன் நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னான். "தண்ணி வேணும் அண்ணா, இப்பவே."

"எந்தப் பக்கத்துக்கு வேணும்?"

"குட்டைக்கு வேணும்."

நண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது தன் கூட்டத்தைக் கூப்பிட்டது. வருஷா வருஷம் வந்து நலம் விசாரிக்கிறவன் ஒன்று கேட்டால் மறுக்க யாருக்கு மனசு வரும்? நண்டுகள் கொடியையும் தண்டையும் கடகடவென்று வெட்டின. எல்லப்பன் ஓட்டைக் கொடுத்து முட்டி முட்டித் தள்ளினான். கடைசித் தண்டு அறுந்ததும் புதர் மொத்தமாகப் புரண்டது. தண்ணீர் எல்லப்பனைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. வாய்க்கால் நெடுக இருந்த தவளைகள் கத்த ஆரம்பித்தன.

"கோடி! கோடி!"

அங்கே குட்டையில் கரை அப்போதுதான் ஒன்று சேர்ந்திருந்தது. நரி அதன்மேல் ஏறி, கோரையை நோக்கி நடந்துகொண்டிருந்தது. தவளைச் சத்தம் காதில் விழுந்ததும் திம்மராயன் வாயிலிருந்த சேற்றைப் போட்டுவிட்டு, "கோடி வருது!" என்று கூவினான். அதே நொடியில் எதிர்ப்பக்கத்திலிருந்து கெம்பம்மாவும், "கோடி!" என்று கூவினாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்களுக்கும் கோடிதானா?" என்றான் திம்மராயன்.

"எங்க அம்மா காலத்துலேருந்தே கோடிதான்" என்றாள் கெம்பம்மா.

அப்புறம் பேச நேரமில்லை. இரண்டு கூட்டமும் கோரைக்குள் பாய்ந்தன. எது யார் கூடு என்று யாரும் பார்க்கவில்லை. கைக்குக் கிடைத்த கூட்டையெல்லாம் கோரையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

நரி மட்டும் கரைமேல் திகைத்து நின்றது. இந்த ஊரைப் பிரிப்பதற்கு அது இரண்டே வார்த்தைதான் கற்றுக்கொண்டு வந்திருந்தது, ஏரி என்றும் கெரெ என்றும். அதன் காட்டில் எந்த ஏரியும் நிரம்பி வழிந்ததில்லை. அதனால் கோடி என்றால் அதற்குத் தெரிந்தது எண்ணிக்கை ஒன்றுதான்.

"என்ன வருது?" என்று கத்தியது.

"கோடி வருது! மேலேருந்து வருது! ஓடிப் போயிடுங்க!" என்றாள் கெம்பம்மா. அவள் மனசு அப்படி.

"ஒரு கோடியா? அத்தனையும் உன்னை மாதிரிக் கோழிதானா? என்னை விரட்டிவிட்டுச் சொந்தக்காரங்களைக் காப்பாத்தப் பாக்கறே! நான் ஏமாறுவேனா?" என்றது நரி. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த முட்டைகளை விட்டுவிட்டு, மேற்கே திரும்பி, கரை நடுவில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தது.

தண்ணீர்தான் வந்தது. டீயில் ஊறின பிஸ்கட் மாதிரி கரை உதிர்ந்தது. நரி குட்டிக்கரணம் அடித்து, குட்டைக்கு வெளியே ஒரு வேலமுள் புதரில் போய் விழுந்தது. அங்கிருந்து எழுந்து ஓடினதுதான், இன்றுவரை அந்தச் சீமைப் பக்கம் தலைகாட்டவில்லை.

வந்த வெள்ளத்தின்மேல் எல்லப்பன் ஜம்மென்று மிதந்து வந்தான். கூடுகள் தண்ணீரோடு சேர்ந்து மேலே எழும்பியிருந்தன. ஒரு முட்டைகூட உடையவில்லை.

திம்மராயன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "எங்களை மன்னிச்சுக்க எல்லப்பா. உன் கல்லு மேல நீ ஏறிக்க" என்றவன், சுற்றுமுற்றும் பார்த்தான். எல்லைக்கல் தண்ணீருக்குள் முழுகிப்போயிருந்தது. "கல்லைக் காணோமே!"

"எதுக்குக் கல்லு? இன்னிக்கு மொத்தக் குட்டையும் ஒரே ராஜ்யம்" என்றான் எல்லப்பன்.

சாயங்காலத்துக்குள் அரளிக்குட்டையும் நிரம்பி, புதூர் ஏரியைப் பார்த்து வழிய ஆரம்பித்தது. நாமக்கோழிகளும் தாழைக்கோழிகளும் வரிசையாக நின்று, "நம்ம குட்டை கோடி போகுது!" என்று கீழே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி கூவின. அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்ற எல்லப்பனின் கழுத்து, அதற்கு முன் அவ்வளவு நீளமாக ஓட்டைவிட்டு வெளியே வந்ததே இல்லை.

ஒரே தண்ணீரில் வாழ்கிறவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் கரை, நரிக்குப் போட்டுக்கொடுக்கும் பாதையாகிவிடும்.