மூன்று குதிர் கோதுமை

நீண்ட ஈட்டிக்கு உலகத்தில் பாதி பயந்து கிடந்த ஒரு காலம் இருந்தது. அந்தக் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சிறியவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், பெரியவர்கள் சௌகரியம் போல இருங்கள்.

மேற்கே வெகு தூரத்தில் மாசிடோனியா என்று ஒரு மலைநாடு. அங்கே இருந்தவர்கள் ஆட்டுத்தோல் உடுத்தியவர்கள். பக்கத்து நாட்டார் அவர்களை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. பிறகு அங்கே ஒரு ராஜா வந்தார். ஆடு மேய்த்தவர்களின் கையில் மூன்று ஆள் நீள ஈட்டியைக் கொடுத்தார். தோளோடு தோள் சேர்ந்து நடக்கக் கற்றுக்கொடுத்தார். அவருக்குப் பின் வந்த இளைய ராஜா அந்தப் படையோடு கிழக்கே கிளம்பினார். கடலைத் தாண்டினார், பாலைவனத்தைத் தாண்டினார், பனிமலையைத் தாண்டினார். போன இடமெல்லாம் அவருடையதாயிற்று.

ஓக்சஸ் என்கிற பெரிய ஆற்றின் கரையில் தர்வா என்று ஓர் ஊர் இருந்தது. ராஜா அங்கே ஒரு கோட்டை கட்டி, இருநூறு வீரர்களை விட்டுவிட்டுப் போனார். அவர்களுக்குத் தலைவன் பெயர் தெரோன். அவன் அந்த ஊர்ப் பெண் வக்ஷியைக் கல்யாணம் செய்துகொண்டான். ஏழு வருஷம் ஆயிற்று. ஊருக்கு அவன் இன்னும் அந்நியன்தான். ஊரார் அவனுக்கு வழி விடுவார்கள், வணக்கம் சொல்வார்கள், அதோடு சரி.

காரணம் கோட்டைக்குள் இருந்தது. மூன்று பெரிய குதிர்கள். ராஜாவுக்கான வரியாக ஊராரிடம் வாங்கிய கோதுமை மூன்றிலும் நிறைந்திருந்தது. அந்த வருஷம் விளைச்சல் குறைவு. விதைக்கு வைத்திருந்ததையும் சேர்த்து அளந்து கொடுத்துவிட்டார்கள். உழுத வயல்கள் விதையில்லாமல் கிடந்தன.

அப்போதுதான் செய்தி வந்தது. ராஜா தூர தேசத்தில் காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அவருக்குப் பின் யார் என்று அவர் சொல்லவும் இல்லை.

அதே வாரத்தில் மூன்று தளபதிகளிடமிருந்து மூன்று தூதர்கள் வந்தார்கள். மூவரும் ஒன்றையே சொன்னார்கள்: "எங்கள் தளபதிதான் இனி ராஜா. பதினைந்து நாளில் படையோடு வருகிறார். கோதுமையையும் வீரர்களையும் தயாராக வைத்திருங்கள்."

தெரோன் மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டான். "மொத்தத்தையும் கொடுத்துவிட்டால் குளிர்காலத்தில் இந்த ஊர் எதைச் சாப்பிடும்?"

முதல் தூதன், "தோற்றவர்களின் சாப்பாட்டைப் பற்றி ஜெயித்தவன் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்றான்.

இரண்டாவது தூதன், "போர் முடியட்டும், பார்க்கலாம்" என்றான்.

மூன்றாவது தூதனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "எந்த ஊர்?" என்று கேட்டான்.

தெரோன் மூவரையும் வயிறாரச் சாப்பிட வைத்து அனுப்பினான். பிறகு வீரர்களைக் கூட்டி நடந்ததைச் சொன்னான்.

கோரகன் என்றொருவன் எழுந்தான். தெரோனோடு ஒரே மலையில் பிறந்தவன், ஒரே நாளில் ஈட்டி பிடித்தவன். "மூவரில் யார் பலசாலியோ அவர் பக்கம் சேர்ந்துவிடுவோம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றான்.

"யார் பலசாலி?"

"அது போரில் தெரியும்."

"தெரியும்போது நம்மில் எத்தனை பேர் இருப்போம் கோரகா?"

கோரகனின் முகம் சிவந்தது.

வீட்டுக்கு வந்து தெரோன் மனைவியிடம் சொன்னான். "குதிர்களைத் திறந்து எல்லாவற்றையும் ஊருக்கே கொடுத்துவிடப் போகிறேன்."

வக்ஷி ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "எல்லாவற்றையும் கொடுக்காதீர்கள். பசியோடு வருகிற படை ஒன்றும் கிடைக்காவிட்டால் ஊரைக் கொளுத்தும். ஒரு குதிர் எங்கள் ஜனங்கள் சாப்பிட. ஒரு குதிர் விதைக்க. மூன்றாவதை அவர்களுக்கு வைத்திருங்கள். வழிக்குச் சாப்பாடு கிடைத்தால் வழியைப் பார்த்துப் போவார்கள்."

மறுநாள் காலையில் தெரோன் கோட்டைக் கதவைத் திறந்து வைத்தான். ஊரார் முதலில் நம்பவில்லை. ஏதோ தந்திரம் என்று தள்ளியே நின்றார்கள். தெரோன் தானே ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் மாமனாரின் வயலில் இறக்கினான். அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராக வந்தார்கள். வீரர்களும் விதைக்க இறங்கினார்கள். முதல் நாள் அவர்கள் விதைத்ததைப் பார்த்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாம் நாள் சிரிப்பு நின்று, சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள்.

பதினைந்தாம் நாள் முதல் படை வந்தது. எவாந்தர் என்ற தளபதியின் படை. ஐயாயிரம் பேர். எவாந்தர் குதிரையிலிருந்து இறங்கி நேராகக் குதிர்களிடம் போனார். இரண்டு காலி. மூன்றாவதில் கோதுமை இருந்தது.

"மற்றது எங்கே?"

"பாதி ஊராரின் வீடுகளில், பாதி மண்ணுக்குள்" என்றான் தெரோன்.

எவாந்தர் அவனை வயலுக்கு இழுத்துக்கொண்டு போனார். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். கோதுமை மணிகள் ஊறி, வெடித்து, ஊசிமுனை போல வெள்ளையாக முளை விட்டிருந்தன. அதை எந்தப் படையும் சாப்பிட முடியாது.

எவாந்தர் வாளை உருவி அவன் கழுத்தில் வைத்தார். தெரோன் குரலை அடக்கிச் சொன்னான்: "என்னைக் கொல்லலாம். வீடுவீடாகத் தேடவும் செய்யலாம். அதற்கு எட்டு நாள் ஆகும். மற்ற இரண்டு படைகளும் எட்டு நாளுக்குள் இங்கே வந்துவிடும். குதிரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு தருகிறேன். மொத்தத்தையும் எடுத்துக்கொண்டால் அந்த இரண்டு படைகளும் பசியோடு உங்களைத் துரத்தி வரும். உங்கள் படைக்குப் பத்து நாள் வரும். வழி நன்றாக இருக்கிறது."

எவாந்தர் மேற்குப் பக்கம் பார்த்தார், கிழக்குப் பக்கம் பார்த்தார், கையிலிருந்த மண்ணைப் பார்த்தார். வாள் உறைக்குள் போயிற்று. "வீரர்கள்?" என்றார்.

"வர விரும்புகிறவர்களை நான் தடுக்க மாட்டேன்."

கோரகன் முன்னால் வந்தான், அவனோடு முப்பது பேர். போகும்போது அவன் தெரோனின் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்தடுத்து மற்ற இரண்டு படைகளும் வந்தன. அவர்களுக்கும் பங்கு கிடைத்தது, அவர்களும் போனார்கள். மூன்று குதிரும் காலியாயிற்று. அந்தக் குளிர்காலத்தில் தர்வாவில் ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை.

மூன்று படைகளும் தூரத்துச் சமவெளியில் மோதின. ஒன்றாயிருந்த பேரரசு மூன்றாயிற்று, மூன்று ஏழாயிற்று. எல்லாரும் ராஜா என்றார்கள். எல்லாரும் ஒருவரை ஒருவர் கொன்றார்கள்.

அறுவடை நடந்துகொண்டிருந்தபோது ஒருவன் நொண்டிக்கொண்டு வந்து வரப்பில் நின்றான். தெரோன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு ஓடினான். கோரகன்தான். போன முப்பத்தொரு பேரில் அவன் ஒருவன்தான் திரும்பியிருந்தான்.

"யார் ஜெயித்தார்கள்?" என்று கேட்டான் தெரோன்.

"எனக்குத் தெரியவில்லை. நான் ஓடியபோது இரண்டு ராஜாக்கள் உயிரோடு இருந்தார்கள்" என்றான் கோரகன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு இங்கே இடம் இருக்குமா?" என்றான்.

தெரோன் பதில் சொல்வதற்குள் வக்ஷியின் அப்பா, ஏழு வருஷமாக எந்த வீரனோடும் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாதவர், கோரகனின் கையைப் பிடித்து நிழலில் உட்கார வைத்தார். "முதலில் சாப்பிடு தம்பி. இடத்தைப் பிறகு பார்க்கலாம்" என்றார்.

அன்று தெரோன் அழுதான். ஏன் என்று வக்ஷி கேட்கவில்லை, அவளுக்குத் தெரியும்.

கோரகனுக்குப் பின்னும் பலர் வந்தார்கள். எந்தப் படையிலிருந்து ஓடி வந்தவன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊர் பெருகிற்று, வாய்க்கால் நீண்டது, தெரோனும் வக்ஷியும் பேரன் பேத்தி எடுத்து நிறைவாக வாழ்ந்தார்கள்.

வெகு காலத்துக்குப் பிறகு, குட்டை வாள் ஏந்திய வேறொரு கூட்டம் மாசிடோனியாவையே பிடித்துக்கொண்டது என்று ஒரு வியாபாரி வந்து சொன்னான். தெரோனின் வம்சத்தார் அப்போது களத்தில் கோதுமை தூற்றிக்கொண்டிருந்தார்கள். "பாவம், அங்கே ஜனங்கள் என்ன பாடுபடுகிறார்களோ" என்றார்கள். வியாபாரிக்குக் குடிக்க மோர் கொடுத்துவிட்டு, காற்று நிற்பதற்குள் மீதியைத் தூற்றப் போனார்கள்.

ஆகவே கேளுங்கள்: படையால் பிடித்த நாடு ஒருநாள் கைவிட்டுப் போய்விடும், பசியறிந்து கொடுத்தவனையோ ஊர் தன் பிள்ளையாக வைத்துக்கொள்ளும்.