மூடியில் எழுதாத சொல்

"மூன்று முறை அழித்துவிட்டீர்கள். அந்தச் சொல்லில் அப்படி என்ன குற்றம், அம்மா?" என்று கேட்டார் தோகுபெய்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. குரு மிசாவோவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. அரக்கின் மேல் பொன்தூள் தூவிச் சித்திரம் செய்வதில், ஜப்பானின் அந்தத் துறைமுக ஊரில் அவளை மிஞ்ச ஆளில்லை. இந்த வயதில் கற்க வந்த கத்துக்குட்டியைப் பார்த்து ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவர் விட்டுவிட்டார்.

அவர் செய்திருந்தது தூரிகையும் மையும் வைக்கும் ஓர் எழுதுபெட்டி. அதன் மூடிக்கு ஒரு கவிதை: 'அலையடிக்கும் கரை, காத்திருக்கும் படகு, வா.'

படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்லக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முறை. அலையும் கரையும் படகும் பொன்னில் வந்துவிட்டன. மிஞ்சியது ஒரு சொல். அதைக் கரையில் வரைந்த பாறையின் கோடுகளுக்குள் மறைத்து எழுதியிருந்தார்.

"பெட்டி யாருக்கு?" என்றாள் மிசாவோ.

"என் மனைவி கினுவுக்கு. எதிர்த் தீவில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். நாலு வருஷம் முன்பு கோபத்தில் 'போ' என்றேன். போய்விட்டாள்."

"கடிதம் போடவில்லையா?"

"பதினொன்று போட்டேன். எல்லாவற்றிலும் வா, வா என்றுதான் எழுதினேன். பதில் இல்லை. அழகாகச் சொன்னால் வருவாளோ என்றுதான் இதைக் கற்க வந்தேன். அவள் இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை, அம்மா."

மிசாவோ துணியை எடுத்து ஒரே துடைப்பில் துடைத்தாள். நான்காவது முறையாக 'வா' போயிற்று.

"இதை வரையவும் முடியாதே. எழுதவும் கூடாதென்றால் எப்படி?"

மிசாவோ எழுதுபெட்டியை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துக் கட்டி அவர் மடியில் வைத்தாள். பிறகு வாசலுக்குப் போய்க் குனிந்து, அவருடைய செருப்புகளைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். விருந்தாளி கிளம்பும்போது அங்கே செய்யும் மரியாதை அது.

தோகுபெய் செருப்புகளை வெகுநேரம் பார்த்தார்.

"அரக்கு இன்னும் காயவில்லையே?"

"அரக்கு ஈரக் காற்றில்தான் இறுகும். கடல் காற்று நல்லது."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். நாலடி நடந்தவர் திரும்பினார்.

"அவள் கதவைத் திறக்காவிட்டால்?"

"கதவுக்கு முன்னாலேயே நில்லுங்கள். அவள் பார்க்கட்டும்."