செம்பொறியின் மூன்று இலைச்சுருள்கள்

டப்... டப்... டப்.

அரசர்கள் பிறப்பதற்கும் முன்னால், ஆற்றோரத்து மஞ்சள் தோட்டத்தில் பொழுது விடிந்தால் கேட்ட ஓசை அது. கேளுங்கள், செம்பொறி தான் புழுவாய் இருந்த நாளிலேயே அந்த ஓசையைக் கேட்டு வளர்ந்தவள்.

செம்பொறி ஒரு தாவிப்பூச்சி. பூவுக்குப் பூ துள்ளும் வண்ணத்துப்பூச்சி இனம். அந்தக் கூட்டத்தில் நீலம் உண்டு, பச்சை உண்டு, பொன் உண்டு. இவள் தீக்கொழுந்து நிறம். அவர்களுடைய புழுப்பிள்ளைகள் மஞ்சள் செடியின் இலையைச் சுருட்டி, தம் வாய்நூலால் தைத்து உள்ளே குடியிருப்பார்கள். எச்சத்தை மட்டும் வீட்டில் வைக்க மாட்டார்கள், தொலைதூரம் விட்டெறிவார்கள். அது சருகில் விழும் ஓசைதான் 'டப்'.

ஒருநாள் குளவி வந்தாள்.

"ஏன் அக்கா, நீங்க பொன்னும் நீலமுமா மினுக்குறீங்க. உங்க பிள்ளைங்க அடுத்தவங்க வாசல்ல குப்பை எறியுதுங்களே! நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

கூட்டத்துக்கு மூத்தவளான நீலவாலி கூசிப்போனாள். "மானம் போச்சு! இனிமே எல்லாம் வீட்டுக்குள்ளேயே கிடக்கட்டும்."

எல்லோரும் பிள்ளைகளிடம் சொன்னார்கள். செம்பொறியும் தன் மூவரிடம் சொன்னாள். ஓசை நின்றது.

முதல் நாள் மூத்தவனின் சுருள் கிழிந்து கிடந்தது. இரண்டாம் நாள் நடுவிலுள்ளவளின் சுருள். இரண்டிலும் பிள்ளை இல்லை. எச்சக் குவியல் மட்டும் இருந்தது. செம்பொறி அழுதாள். பிறகு முகர்ந்து பார்த்தாள்.

"பாவி குளவி, எச்சத்தோட வாடை பிடிச்சு வந்திருக்கா!"

மூத்தவனின் காலிச் சுருளுக்கு முன்னால் சிலந்தி ஒன்று புதிதாக வலை பின்னியிருந்தது. செம்பொறி கடைக்குட்டியிடம் பறந்தாள்.

"உன் எச்சம் எல்லாத்தையும் அண்ணன் வீட்டுக்குள்ள எறிடா கண்ணா."

"குளவி அத்தை சிரிப்பாங்களே அம்மா?"

"சிரிக்கட்டும். நீ எறி."

முதல் வீச்சு தவறியது. இரண்டாவதும் தவறியது. மூன்றாவது சுருளுக்குள் விழுந்தது. அதன் பிறகு ஒன்றும் தவறவில்லை.

மூன்றாம் நாள் குளவி வந்தாள். வாடை வந்த திசையில் நேரே பாய்ந்தாள். வலை குலுங்கியது.

"அக்கா! காப்பாத்துங்க அக்கா!"

"சத்தம் போடாதீங்க," என்றாள் செம்பொறி. "நாலு பேர் சிரிக்கப் போறாங்க."

அன்று மாலையே நீலவாலி தன் பிள்ளைகளின் வீடுகளுக்குப் பறந்தாள். தோட்டமெங்கும் மறுபடி டப், டப், டப்.

யார் கேலி செய்தாலும், ஒரு வழக்கம் எதைக் காக்கிறது என்று அறியாமல் அதைக் கைவிடக் கூடாது.

கடைக்குட்டி கூடுவிட்டு வெளியே வந்து, சிறகு உலர்த்தி, ஆற்றைத் தாண்டிப் பறந்தான். மூத்தவர்கள் இருவரும் பறக்கவே இல்லை.