மழுங்கிய கல்லும் புல்லட் சாவியும்

தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள். ஆகையால் வழக்கைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள்.

தேரிவிளை என்ற ஊரில் யோபு தங்கையா என்றொரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் இருந்தார். வேதாகமத்து யோபுவைப் போலவே தமக்கும் மூன்று பெண்கள் பிறந்ததால், அந்தப் பெண்களின் பெயர்களையே வரிசையாக வைத்துவிட்டார்: எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். மூத்தவர்கள் இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். கடைசிப் பெண்ணை ஊரே 'ஆப்பு' என்று கூப்பிட்டது. அவள் வளர்ந்து உடன்குடியில் பியூட்டி பார்லர் வைத்த பிறகும் அந்தக் கோபம் தணியவில்லை.

யோபுவுக்குப் பெருமைகள் இரண்டு. ஒன்று, அவருடைய பழைய புல்லட். மற்றது, கல்லறைத் தோட்டத்து மூலையில் எழுத்தெல்லாம் தேய்ந்து நின்ற ஒரு கல். அதன் கீழே உறங்குகிறவர் ஊருக்கு முதன்முதலில் வேதம் சொல்ல வந்த உபதேசியாரான தம் பூட்டனார் என்பது அவர் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த சங்கதி. ஈஸ்டர் விடியற்காலையில் மாலை போட்டு, கல்லை முத்தமிட்டு, இரண்டு சொட்டுக் கண்ணீரும் விட்டுத்தான் திரும்புவார். பூட்டனாரின் பெயர் மட்டும் அவருக்குத் தெரியாது.

அந்த வருஷம் கோயிலில் முன்னோர் பெயர்ப்பலகை வைக்கத் தீர்மானித்தார்கள். "பேரில்லாம எப்படிங்க எழுத?" என்றார் குருவானவர். யோபுவுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்திருந்த குடும்பத்தார் முன்னால் புல்லட் சாவியைத் தூக்கிக் காட்டினார்.

"கல்லுல ஒரு கீறல்கூட விழக் கூடாது. அதுல எழுதியிருக்கிற எங்க பூட்டனார் பேரை யார் வாசிச்சுச் சொல்லுதீங்களோ, வண்டி அவங்களுக்கு."

மூன்று பேர் எழுந்தார்கள். மூத்த மாப்பிள்ளை ஆசீர்வாதம் ஹார்டுவேர் கடைக்காரர். கம்பி பிரஷும் ஆசிட் பாட்டிலுமாகக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். பிரஷை ஓங்கியபோது யோபு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். "மாப்பிள்ளை, நில்லுங்க!" என்று கத்தினார். அந்தக் கல்லிலிருந்து எப்போதோ உடைந்து விழுந்த சில்லு ஒன்று புல்லில் கிடந்தது. முதலில் அதில் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு இழுப்பில் அது ரஸ்க் போல உதிர்ந்தது. ஆசிட்டை ஊற்றியதும் மீதியும் நுரைத்துக் கரைந்தது. ஆசீர்வாதம் பிரஷைப் பையில் போட்டுக்கொண்டு, முகத்தைத் துடைத்தபடி நிழலுக்குப் போனார்.

இரண்டாவது மாப்பிள்ளை லாசர் பேக்கரிக்காரர். மைதாவை அள்ளிக் கல்லெங்கும் பூசி, மேலாக வழித்தெடுத்தார். பள்ளங்களில் மாவு தங்கி வெள்ளை எழுத்துகள் தெரிந்தன. "மாமா, 'மாசில்லாமணி'!" என்று துள்ளினார். யோபு அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். குருவானவரும் தலையாட்டினார். ஆனால் மறுநாள் காலையில் கல்லை எறும்பு மொய்த்திருந்தது. ஓர் ஆடு பூட்டனாரின் பெயரைப் பாதிவரை நக்கி முடித்திருந்தது. வெறும் தண்ணீர் ஊற்றி, பெயிண்ட் அடிக்கும் மென்மையான பிரஷால் யோபுவே மெல்ல மெல்லக் கழுவினார். மூலை முடுக்கில் தங்கிய மாவில் பூசணம் பிடித்துவிடுமே என்ற கவலை வேறு.

மூன்றாவதாக வந்தவள் ஆப்பு. பார்லரின் ஆளுயரக் கண்ணாடியை ஆட்டோவில் ஏற்றி வந்திருந்தாள்.

"ஏட்டி, கல்லுக்கு மேக்கப்பா?"

"எப்பா, மூஞ்சிக்கு நேரா லைட் அடிச்சா பள்ளம் மேடு ஒண்ணும் தெரியாது. பக்கத்துலேருந்து அடிச்சா அம்மைத் தழும்புகூட எந்திரிச்சு நிக்கும். கல்லும் அப்படித்தான்."

கல் வடக்கே பார்த்து நின்றதால் அந்தப் பருவத்தில் அதன் முகத்தில் வெயில் விழவில்லை. ஆப்பு கண்ணாடியை ஒரு பக்கமாக வெயிலில் நிறுத்தி, வெளிச்சம் கல்லை உரசிக்கொண்டு ஓடும்படி திருப்பினாள். கல்லின் மேல் கை படவில்லை. தேய்ந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் நிழல் கட்டி எழும்பின. லாசர் வாசித்த 'மாசில்லாமணி'யில் பாதி வெறும் விரிசல். விரிசலிலும் மாவு நிரம்பும் அல்லவா? கல்லில் இருந்தது இதுதான். ஆப்பு உரக்க வாசித்தாள்:

"உபதேசியாரைத் தேரி மணலெங்கும் சுமந்து திரிந்த, கேரூப் என்னும் மட்டக்குதிரை இங்கே இளைப்பாறுகிறது."

குருவானவர் இருமுவதுபோலத் திரும்பிக்கொண்டார். யோபு கல்லைப் பார்த்தார். பிறகு, அத்தனை ஈஸ்டருக்கும் முத்தமிட்ட தம் உதடுகளைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நிமிஷமே சண்டை தொடங்கியது.

"பேர் கேட்டீங்க, பேர் சொன்னது நான் ஒருத்தன்தான். இவ சொன்னது குதிரை பேரு," என்றார் லாசர்.

"அவர் வாசிச்சது தப்பு, இவ வாசிச்சது குதிரை. கீறல் விழாமப் பாத்துக்கிட்டேன் நான். யாருக்கும் இல்லேன்னா மூத்தவனுக்குத்தானே?" என்றார் ஆசீர்வாதம்.

"கல்லுல இருக்கிறதைத்தான் வாசிக்க முடியும். இல்லாததுக்கு நான் என்ன செய்ய?" என்றாள் ஆப்பு.

யோபு சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். தாம் சொன்ன வாக்கையும் காப்பாற்ற வேண்டும், குடும்பமும் உடையக் கூடாது.

இப்போது சொல்லுங்கள்: மூவரில் யார் செய்தது சரி? புல்லட் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: ஆப்புவுக்கே. ஆசீர்வாதம், மாமனார் தடுத்த பிறகுதான் நின்றார்; வாசிக்கவே இல்லை. லாசர் மாமனாரின் ஆசையை வாசித்தார், கல்லை அல்ல. வாக்கின் உயிர் 'எழுதியிருக்கிற' என்ற சொல்லில் இருக்கிறது. எழுதியிருந்ததைக் கல்லுக்கு நோகாமல் முழுதாக வாசித்தவள் ஆப்பு ஒருத்திதான். அங்கே பூட்டனார் பெயர் இல்லாமல் போனது வாக்குக் கொடுத்தவரின் தவறு. அந்த நஷ்டமும் அவருடையதே. யோபுவும் அப்படித்தான் தீர்த்தார். சாவியைக் கொடுத்துவிட்டு, குருவானவரிடம் சொன்னார்: "ஐயா, பலகையில கேரூப் பேரைப் போடுங்க. நடந்து வந்திருந்தா எங்க பூட்டனார் இந்த மணல்ல பாதி வழியிலேயே திரும்பிப் போயிருப்பாரு."