தும்பை துப்பிய குச்சி

தும்பை என்ற புள்ளிமான் பந்தயத்தின் நடுவே நின்ற கதையை எனக்குச் சொன்னது முறுக்கன் என்ற வெளிமான். பல வருடங்களாக அந்தக் கதையின் மேல் எனக்குச் சந்தேகம். முறுக்கன் புளுகன் என்று சொல்லவில்லை. அதே பந்தயத்தில் ஓடியவன் அவன். பரிசு வாங்கியவனும் அவன்தான். ஆனால் சொல்லும்போதெல்லாம் ஏதாவது ஒன்று மாறும். அவள் நின்றபோது பத்தடி பின்னால் வந்ததாக ஒருமுறை சொன்னான். தோளோடு தோள் வந்ததாக இன்னொரு முறை சொன்னான். கண்ணில் மணல் விழுந்து எதையுமே பார்க்கவில்லை என்றும் ஒருமுறை சொன்னான்.

கேட்டதைச் சொல்கிறேன்.

ஐந்து காடுகள் சேரும் இடத்தில் ஓர் ஆறு. கோடையில் தண்ணீர் வற்றி மணல் தெரிந்ததும் அங்கே ஓட்டப் பந்தயம் நடக்கும். ஒவ்வொரு காடும் இரண்டு பேரை அனுப்பும். ஓடுகிறவர்கள் தங்கள் காட்டு மரத்தின் குச்சி ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு ஓட வேண்டும். யார் எந்தக் காடு என்று அதை வைத்துத்தான் தெரியும். குச்சி கீழே விழுந்தால் பந்தயம் போயிற்று.

பந்தயக் குழுவின் தலைவர் ஒரு வயதான கரடி. ஒவ்வொரு வருடமும் அவர் ஒரே பேச்சைத்தான் பேசுவார்.

"குச்சி காட்டுக்கு மரியாதை! அதோடு, வாயில் குச்சி இருந்தால் வீண் பேச்சு இருக்காது. இங்கே ஓட்டம் மட்டும்தான். காட்டுச் சண்டையைக் காட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்!"

எல்லாரும் கைதட்டுவார்கள். வாயில் குச்சி இருப்பவர்கள் தலையை மட்டும் ஆட்டுவார்கள்.

தும்பையும் முறுக்கனும் மூங்கில்காட்டுக்காரர்கள். அந்த வருடம் அங்கே தண்ணீருக்குப் பெரும் பஞ்சம். இருந்தது ஒரே ஒரு சுனை. அதைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டது சிறுத்தை. அதுதான் அந்தக் காட்டின் தலைவர்.

"எனக்குப் பணிந்தவர்களுக்கு மட்டும் தண்ணீர்!" என்றது சிறுத்தை.

"சுனையை நீங்களா தோண்டினீர்கள்?" என்று கேட்டன முள்ளம்பன்றிகள்.

மறுநாள் ஆறு முள்ளம்பன்றிகளைக் காணவில்லை. எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் ஏழாவது யார் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த ஆறு பெயர்களையும் சேர்த்துச் சொல்வதைக்கூடக் காட்டில் நிறுத்திவிட்டார்கள்.

பந்தயத்துக்குப் புறப்படும் நாளில் சிறுத்தை இருவரையும் அழைத்தது.

"வெளியே போகிறீர்கள். யாராவது நம் காட்டைப் பற்றி விசாரித்தால்?"

"எல்லாரும் சுகம் என்று சொல்ல வேண்டும், தலைவரே!" என்றான் முறுக்கன்.

சிறுத்தை தும்பை பக்கம் திரும்பியது.

"உனக்கு வாய் இல்லையா, பெண்ணே?"

"குச்சி கவ்விப் பழகிவிட்டது, தலைவரே."

சிறுத்தை சிரித்தது. ஆனாலும் துணைக்கு ஒரு கிளியை அனுப்பியது. துணை என்று பெயர். வேவு என்று அர்த்தம். வழி முழுவதும் கிளி அவர்கள் தலைக்கு மேலேயே பறந்தது. இருவரும் நெருங்கி நடந்தால், "என்ன ரகசியம்?" என்று கத்தும். இருவரும் விலகி நடந்தால், "என்ன சண்டை?" என்று கத்தும்.

ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்த மாலையில் கிளி ஒரு கொய்யா மரத்தைப் பார்த்துவிட்டது. அது பழம் தின்று முடிக்கும் வரை இருவரும் நாணல் மறைவில் நின்றார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்டால், "காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பேசினோம்" என்பான் முறுக்கன். காற்றைப் பற்றிப் பேச அவ்வளவு நேரமா?

மறுநாள் பந்தயம் தொடங்கியது. தும்பை அம்பு மாதிரி பறந்தாள். பாதி வழியிலேயே மற்ற எட்டுப் பேரும் பின்தங்கிவிட்டார்கள். முறுக்கன் மட்டும் அவளைத் தொடர்ந்து வந்தான். கரையில் குரங்குகள் குதித்தன. "மூங்கில்காட்டுக்குத்தான் மாலை!" என்று கிளி முன்கூட்டியே கூவ ஆரம்பித்துவிட்டது.

எல்லைக்கோட்டுக்கு இன்னும் பத்தடி. தும்பை நின்றாள். குச்சியைத் துப்பினாள்!

குதித்துக்கொண்டிருந்த குரங்குகள் அப்படியே நின்றன.

"எங்கள் காட்டில் சுனையை மூடிவிட்டார்கள்!" என்று அவள் உரக்கச் சொன்னாள். "தண்ணீர் கேட்ட ஆறு பேரைக் காணவில்லை! சிலும்பன் எங்கே? ஊசிக்கிழவி எங்கே? நெட்டை எங்கே?"

மூன்று பெயர்களைச் சொன்னவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் முறுக்கன் அவளைத் தாண்டிப் போனான். வாயில் குச்சி அப்படியே இருந்தது. கோட்டைக் கடந்தான். வெற்றி!

பிறகு ஒரே கூச்சல். காவலுக்கு நின்ற எருமைகள் தும்பையைச் சூழ்ந்தன. அவள் மேலும் ஏதோ சொன்னாள். கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

"ஏய், எத்தனை கட்டுப் புல் வாங்கினாய்?" என்று கத்தியது ஒரு குரங்கு.

"மூச்சு வாங்கியிருக்கும்! தோற்றுவிடுவோம் என்று நாடகம் போடுகிறாள்!" என்றது இன்னொன்று.

"ஜெயித்துவிட்டுப் பேசியிருக்கலாமே, அம்மா?" என்று நல்லவன் போலக் கேட்டது மூன்றாவது.

"ஜெயித்தால் என்னைப் பேச விடுவார்களா?" என்றாள் தும்பை. "மாலை எனக்கு. பேச்சு கிளிக்கு. போன வருடம் ஜெயித்தபோதும் அப்படித்தானே!"

கரடி அவளைப் புதருக்குள் அழைத்துப் போய் விசாரித்தார். முதலில் நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்தார். முள் ஏதாவது குத்தியிருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது. முள் இல்லை.

"யார் உன்னை நிற்கச் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. என் கால். நான் நிறுத்தினேன்."

"நரிக்காட்டுக்காரர்கள் தூண்டிவிட்டார்களா?"

"அவர்களோடு நான் பேசியதே இல்லை, ஐயா."

"அப்படியென்றால் இதனால் உனக்கு என்ன லாபம்?"

"எங்கள் காட்டில் எல்லாருக்கும் தாகம் ஐயா! அதுகூடவா புரியவில்லை?"

கரடிக்குப் புரியாமல் இல்லை. அதனால்தான் அவருக்குக் கோபம் வந்தது. காணாமல் போன மற்ற மூவரின் பெயர்களையும் அவள் அங்கே சொன்னாளாம். "இங்கே பேசியது இந்தப் புதரோடு போகட்டும்!" என்று கரடி குழுவில் இருந்த மற்றவர்களை எச்சரித்தார். அப்படியே அது புதரோடு போயிற்று.

இனி எந்தப் பந்தயத்திலும் தும்பை ஓடக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. சொந்தக் காட்டுக்கும் அவளால் திரும்ப முடியாது. கிளி அதற்குள் சிறுத்தையிடம் பறந்துவிட்டது. எருமைகள் அன்றைக்கே அவளை ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டன. அந்தப் பக்கத்து மான்கள் அவளை மந்தையில் சேர்க்கவில்லை. "இங்கேயும் எதையாவது துப்பிவிட்டால்?" என்று பயந்தன. அவள் தனியாக மேய்ந்தாள். அங்கேயே கிழவியானாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். ஆனால் பந்தயம் பார்க்க வந்தவர்களில் யானைகளும் இருந்தன. பத்தாம் நாள் பன்னிரண்டு யானைகள் மூங்கில்காட்டுக்குள் நுழைந்தன.

"எங்களுக்குத் தாகம். சுனை எங்கே?" என்றது முன்னால் வந்த யானை. "அப்படியே சிலும்பன், ஊசிக்கிழவி, நெட்டை, இந்த மூவரையும் பார்க்க வேண்டும்."

"யாரது? அப்படி யாரும் இங்கே இல்லையே!" என்றது சிறுத்தை.

"தேடிப் பார். நாங்கள் வேலியைப் பிடுங்கி முடிக்கும் வரை காத்திருக்கிறோம்."

வேலி போனது. அன்று மாலையே சிறுத்தையின் குகையிலிருந்து மூன்று முள்ளம்பன்றிகள் தள்ளாடி வெளியே வந்தன. பெயர் சொல்லிக் கேட்ட மூவர். மற்ற மூவரின் பெயர் யானைகளுக்குத் தெரியாது. தெரியாத பெயரை எப்படிக் கேட்பது? யானைகள் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டன. அந்த மூவர் வரவே இல்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு முறுக்கன் கடைசியில் எப்போதும் ஒரே மாதிரிதான் முடிப்பான்.

"யானை வராவிட்டாலும் மழை வந்து வேலியை அடித்துக்கொண்டு போயிருக்கும். அவளுக்குப் பெயர் வாங்கும் ஆசை. அவ்வளவுதான்!"

பெயர் வாங்கும் ஆசையா? தனியாகப் புல் மேய்ந்து செத்தவளுக்கு யார் பெயர் கொடுத்தார்கள்? நானும் அவளைச் சந்தேகப்பட்டவன்தான். பல வருடம் முறுக்கன் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியவன். குரங்குகள் கேட்டதையே நானும் எனக்குள் கேட்டேன். யார் தூண்டினார்கள், என்ன கிடைத்தது, ஏன் ஜெயித்துவிட்டுப் பேசவில்லை என்று. அவளுடைய குளம்புகளைக் கரடி தூக்கிப் பார்த்தது போல நானும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முறுக்கனின் வாயைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பிறகு ஒருநாள் கவனித்தேன். கதையில் அந்த இடம் வந்ததும் அவன் ஆறு பெயர்களையும் சொல்வான். முதல் மூன்று உரக்க வரும். அடுத்த மூன்று தணிந்து வரும். பூச்சட்டி. கொறுக்கன். வெள்ளைமூக்கி. ஒருமுறைகூடத் தடுமாற மாட்டான். மற்றதெல்லாம் மாறும், அந்த வரிசை மாறாது. யாரோ சொல்லிக் கொடுத்து மனப்பாடம் செய்தவன் மாதிரி இருக்கும். ஆறு பெயரையும் ஒருத்தியே சொல்லி முடிப்பதற்குள் எருமைகள் வந்துவிடும் என்று நாணல் மறைவில் நின்ற இரண்டு பேருக்குத் தெரியாதா? மூன்று பெயரோடு நிறுத்திவிட்டு அவள் எதற்காகத் திரும்பிப் பார்த்தாள்?

துணிந்து பேசியவரைச் சந்தேகப்படும் முன்னால், பேச வேண்டிய இடத்தில் பேசாமல் பரிசு வாங்கியவரைச் சந்தேகப்பட வேண்டும்.

கடைசியாகப் போனபோது முறுக்கன் மரநிழலில் படுத்திருந்தான். கொம்பு தேய்ந்து, கண் மங்கியிருந்தது. வழக்கம்போல் கதையை ஆரம்பித்தான். நான் நிறுத்தினேன்.

"முறுக்கா, அந்த மீதி மூன்று பெயர்களைச் சொல்ல வேண்டியவன் நீதானே?"