திடல் நடுவே நான்கு முட்டைகள்

ஈச்சங்காட்டுக் குளத்தின் கரையில் ஒரு பெரிய திடல் இருந்தது. வெயில் தாழ்ந்தால் போதும், காடே அங்கே கூடிவிடும். காட்டுப்பன்றிகள் சடுகுடு ஆடும். மான்கள் ஓட்டப்பந்தயம் வைக்கும். முயல்கள் கண்ணாமூச்சி ஆடும். தவளைகள் பச்சைக்குதிரை தாண்டும். எருமை குளத்துக்குள் இறங்கி நின்று, நீச்சல் தெரியாத குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்று தைரியம் சொல்லிக் கற்றுக்கொடுக்கும்.

இத்தனை ஆட்டத்துக்கும் ஒரே நடுவர், ஓர் ஆள்காட்டிக் குருவி. மஞ்சள் கால், சிவப்பு மூக்கு, காட்டையே எழுப்புகிற குரல். எவராவது கோட்டைத் தாண்டினால் "டிட்டிட்டீ!" என்று ஒரு சத்தம் வரும். அப்புறம் பேச்சுக்கே இடமில்லை. மலை மாதிரி இருக்கிற பன்றியானாலும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடும்.

ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. வெட்டவெளியில், வெறுந்தரையில், சுற்றிலும் கூழாங்கல்லை அடுக்கி நடுவே முட்டையிடும். இந்த வருடமும் திடலின் நட்டநடுவில் நான்கு முட்டை இட்டிருந்தது. வெளியார் பார்த்தால் இந்தக் குருவிக்குப் பைத்தியமா என்று கேட்பார்கள். ஆனால் ஈச்சங்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓடுகிறவர் எவரானாலும் ஆள்காட்டியின் கூட்டை ஒரு சுற்றுச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். கூழாங்கல்லில் கால் பட்டால் ஆட்டம் போச்சு. அதனால் எல்லோரும் ஓடுகிற இடத்தின் நடுவே அந்த முட்டைகள் பத்திரமாக இருந்தன.

இன்னொரு வசதியும் இருந்தது. தினமும் அத்தனை கால்கள் மிதிப்பதால் திடலில் புல் உயரவே உயராது. உண்ணிப் புதரிலிருந்து நரி மூக்கை நீட்டும்போதே ஆள்காட்டி பார்த்துவிடும், கத்திவிடும். திடல் பக்கம் நரியின் பருப்பு வேகவே இல்லை.

ஒரு நாள் சடுகுடு ஆட்டத்தில் பன்றிகள் உருண்டதில் கரையோரம் கொஞ்சம் மண் பெயர்ந்துவிட்டது. அதைப் பார்த்த யானை, "இதையெல்லாம் கவனிச்சுக்க ஒரு கமிட்டி இருக்கறது நல்லது" என்றது. பார்க்க லட்சணமாக இருப்பதால் மயில் தலைவரானது. கூப்பிட்ட கூட்டத்தை விட்டு ஒருபோதும் எழுந்து போகாதவர் என்பதால் ஆமை உறுப்பினரானது. போக நினைத்தாலும் அதனால் சீக்கிரம் போக முடியாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. யானை மூங்கில் தின்ன மலைக்குப் போய்விட்டது.

மயில் மருதமரத்துக் கிளையில் உட்கார்ந்து திடலை மேற்பார்வை பார்த்தது. ஆமை மரத்தடியில் இருந்தது. மறுநாளே நரி அங்கே வந்து கும்பிடு போட்டது.

"தலைவரே, இப்படி ஒரு திடல் வேற எந்தக் காட்டுலயும் கிடையாது. எல்லாம் நீங்க பதவிக்கு வந்த நேரம்."

மயிலுக்குக் கழுத்து ஒரு சாண் நீண்டது.

"ஒரே ஒரு குறைதான். அந்தப் பன்றிங்க விழுந்து புரண்டு புல்லத் தலையெடுக்கவே விடறதில்ல. புல்லுக்கும் ஓய்வு வேண்டாமா? கொஞ்ச நாள் சடுகுடுவ நிறுத்திப் பாருங்க. உங்க கழுத்து மாதிரியே திடலும் மினுமினுன்னு ஆயிடும்."

மயில் கீழே குனிந்து, "ஆமையாரே, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டது.

ஆமைக்கு எந்த வம்பும் வேண்டாம். தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

"மறுப்பில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது" என்றது மயில்.

பன்றிகள் உறுமிக்கொண்டே காட்டுக்குள் போயின. மான்கள் வருத்தப்படவில்லை. "இனிமே நமக்கு இடம் தாராளம்" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டன. ஆள்காட்டிக்கு மனசுக்குள் உறுத்தியது. ஆனாலும், கூட்டுப் பக்கம் பெரிய உடம்புகள் வராவிட்டால் நல்லதுதானே என்று அதுவும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்து, மான்களின் குளம்பு புல்லின் வேரைக் குத்துவதாக நரி கண்டுபிடித்தது. ஆமையின் தலை உள்ளே போனது, தீர்மானம் நிறைவேறியது. முயல்கள் சந்தோஷப்பட்டன. அப்புறம் முயல்கள் புல்லைக் கடிப்பதாகவும், தவளைகள் தாண்டித் தாண்டி நுனியை ஒடிப்பதாகவும், எருமையின் நீச்சல் வகுப்பால் குளம் கலங்குவதாகவும் ஒவ்வொரு புகாராக வந்தது. ஒவ்வொரு தடவையும் ஆமையின் தலை உள்ளே போனது.

கடைசியில் நரி சொன்னது: "ஆட்டமே இல்லாத எடத்துல நடுவர் எதுக்குத் தலைவரே? அந்தக் குருவி சும்மா கத்திக்கிட்டே இருக்கு. அமைதியான திடல்னு பேர் வாங்கினா பக்கத்துக் காட்டுக்காரங்கல்லாம் பாக்க வருவாங்க."

அன்று முதல் திடலில் யாரும் குரல் எழுப்பக் கூடாது என்று உத்தரவு ஆனது.

மழை பெய்தது. மிதிக்க ஆளில்லாத புல் மளமளவென்று வளர்ந்தது. மருதமரத்துக் கிளையிலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி இருந்தது. "பாத்தீங்களா ஆமையாரே நம்ம நிர்வாகத்த" என்று மயில் பூரித்துப்போனது.

கூட்டில் இருந்த ஆள்காட்டிக்கோ நாலு பக்கமும் சுவர் எழும்பியது போல இருந்தது. அது எம்பி எம்பிப் பார்த்தது. புல்லைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தூரத்தில் வருகிற ஆபத்தைப் பார்ப்பதும், பார்த்ததும் கத்துவதும்தான் ஆள்காட்டியின் பிழைப்பு. இப்போது பார்க்கவும் முடியவில்லை, கத்தவும் கூடாது.

ஒரு நாள் துளிக் காற்றில்லை. ஆனாலும் புல் அசைந்தது. உண்ணிப் புதரிலிருந்து நேர்கோடாக அசைந்து வந்து, பாதி வழியில் நின்று, திரும்பிப் போனது. மறுநாள் இன்னும் கிட்டே வந்தது. நரியின் வாடை வீசியது. அன்றுதான் முட்டைக்குள்ளிருந்து 'டிக் டிக்' என்று மெல்லிய சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. குஞ்சுகள் வெளியே வரத் தயாராகிவிட்டன. முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா?

ஆள்காட்டி மயிலிடம் பறந்தது.

"தலைவரே, புல்லுக்குள்ள நரி வருது."

"அது நம்ம ஆலோசகர். திடலப் பாக்க வந்திருக்கும்."

"பாக்க வர்றவர் எதுக்குப் பதுங்கி வரணும்?"

"நான் தினமும் மேலேர்ந்து பாக்கறேன். ஒரு குறையும் தெரியல."

"ஒரு தடவ இறங்கி வந்து பாருங்களேன்."

"ஈரப் புல்லுல என் தோகை என்னத்துக்காகும்? போ, போ. கத்தக் கூடாதுங்கறது ஞாபகம் இருக்கட்டும்."

ஆள்காட்டிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இனி இவரிடம் பேசிப் புண்ணியமில்லை. கணவனை முட்டையின் மேல் உட்கார வைத்துவிட்டு அது நேரே பன்றிக் கூட்டத்தின் தலைவியிடம் போனது. நடந்ததையெல்லாம் சொன்னது.

பன்றி சேற்றிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "எங்கள வெளிய அனுப்பினப்ப நீ எங்க போயிருந்த?" என்று கேட்டது.

ஆள்காட்டிக்குச் சுருக்கென்றது. "எங்கயும் போகல. வாய மூடிக்கிட்டு அங்கயேதான் இருந்தேன். கூட்டுப் பக்கம் கூட்டம் குறையுமேன்னு நெனச்சேன். தப்புதான் அக்கா."

பன்றி சேற்றிலிருந்து தலையை மட்டும் தூக்கியது. "இத்தன வருஷமா ஆடறோம். உன் கல்லுல ஒண்ணயாவது நாங்க மிதிச்சிருக்கோமா?"

"இல்ல. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

பன்றி எழுந்து உடம்பை உதறியது. "எனக்கும் சடுகுடு ஆடாம காலெல்லாம் மரத்துப்போச்சு. எப்ப வரணும் சொல்லு."

மான்கள் தயங்கின. "பன்றிங்கள அனுப்பினப்ப நாங்க சந்தோஷப்பட்டோம். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்களோட வர்றது? கமிட்டித் தடை வேற இருக்கே."

"நானும் உங்கள மாதிரிதான் இருந்தேன். அவங்க என்னய ஒரு கேள்வி கேட்டாங்க, பதில் சொன்னேன், முடிஞ்சுபோச்சு. தடையப் பத்திக் கவலப்படாதீங்க. ஒருத்தர் மட்டும் போனாத்தான் அது குத்தம். எல்லாரும் போனா ஆட்டம்" என்றது ஆள்காட்டி.

மான்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு தலையை ஆட்டின. முயல்களுக்கும் தவளைகளுக்கும் சேதி போனது. எருமையிடம் சொல்லி முடிப்பதற்குள் அது குளத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் வெயில் தாழ்ந்தது. "சடுகுடு சடுகுடு சடுகுடு" என்று பாடிக்கொண்டே பன்றிகள் வடக்கேயிருந்து இறங்கின. தெற்கேயிருந்து மான்கள் பாய்ந்தன. முயல்களும் தவளைகளும் ஓரத்திலிருந்து புகுந்தன. அவை போன இடமெல்லாம் புல் படுத்தது. மூச்சுமுட்டிக் கிடந்த திடல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் திறந்துகொண்டே வந்தது. ஆள்காட்டி கூட்டின் மேல் நிமிர்ந்து நின்றது. அதற்கு மறுபடியும் தூரம் தெரிந்தது.

மயிலுக்குக் கோபம் தலைக்கேறியது. "யார் அனுமதி குடுத்தது? நிறுத்துங்க எல்லாத்தையும்" என்று கிளையிலிருந்து கத்திப் பார்த்தது. ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல் அது கீழே பறந்து இறங்கியது. கூட்டுக்குப் பக்கத்தில் இன்னும் படுக்காமல் நின்ற ஒரு திட்டுப் புல்லுக்குள்தான் அது இறங்கியது. இறங்கியதும் நீண்ட தோகை ஒட்டுப்புல்லில் சிக்கிக்கொண்டது.

அந்தப் புல்லுக்குள்தான் நரியும் பதுங்கியிருந்தது. நாலு சின்ன முட்டைக்காக வந்த இடத்தில் கொழுத்த மயில் தானாக வந்து சிக்கினால் சும்மா விடுமா? அது முட்டையை மறந்து, மயில் பக்கம் திரும்பி, பின்னங்காலைச் சுருட்டிக்கொண்டது.

ஆள்காட்டி மட்டும் அதைப் பார்த்துவிட்டது. கத்தினால் நரி தன் பக்கம் திரும்பிவிடும். கூடு எட்டித் தொடுகிற தூரம்தான். பேசாமல் இருந்தால் நரி மயிலைக் கவ்விக்கொண்டு போய்விடும், முட்டைகள் தப்பும். கத்தக் கூடாது என்று சொன்னதே இந்த மயில்தானே, போகட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. கூடவே பன்றி கேட்ட கேள்வியும் நினைவுக்கு வந்தது. இன்னொரு தடவை வாயை மூடிக்கொண்டு இருக்க அதனால் முடியவில்லை.

"டிட்டிட்டீ! டிட்டிட்டீ!"

மயில் அலறிக்கொண்டு எம்பியது. நரியின் வாயில் தோகைதான் கொத்தாக மாட்டியது. இரையைக் கெடுத்த ஆத்திரத்தில் நரி கூட்டின் பக்கம் திரும்பியது. ஆனால் அதற்குள் மான்கள் வந்துவிட்டன. பந்தய ஓட்டத்தில் வழக்கம்போல ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டைச் சுற்றின. நரி எந்தப் பக்கம் புகப் பார்த்தாலும் ஒரு குளம்பு எதிரே வந்தது. பின்னாலிருந்து பன்றித் தலைவி பாடிக்கொண்டே வந்து ஒரு முட்டு முட்டியது. "ஆட்டம் போச்சு நரியாரே. வெளிய போங்க" என்றது.

நரி விழுந்தடித்து ஓடியது. ஆடிப் பழகாத காலுக்குக் கரை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தொபுக்கடீரென்று குளத்தில் விழுந்தது. அங்கே எருமை கொம்பைச் சாய்த்துக்கொண்டு நின்றது. "நீச்சல் வகுப்புக்கா? வாங்க வாங்க, இன்னைக்குத்தான் மறுபடி ஆரம்பிச்சோம்."

நரி எப்படி மறுகரை ஏறியது என்று அதற்கே தெரியாது. வாயில் மயிலிறகோடு ஓடிய அது மலைக்கு அந்தப் பக்கம் போய்த்தான் நின்றது. ஈச்சங்காடே விழுந்து விழுந்து சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் மரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆமை தலையை முழுசாக வெளியே நீட்டியிருந்தது. "எனக்கு ஒரு மறுப்பு இருக்கு" என்றது. "எல்லாத் தீர்மானத்துக்கும் சேத்துத்தான்."

மயில் மொட்டைத் தோகையோடு ஆள்காட்டியின் முன்னால் வந்து நின்றது. "மேலேர்ந்து பாத்தப்ப எல்லாம் பச்சையாத்தான் தெரிஞ்சுது. கீழ இறங்கினப்புறம்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுது. நான் உன் வாய அடைச்சேன், நீ என் உயிரக் காப்பாத்தின" என்றது.

"அப்ப நாளையிலேர்ந்து ஓட்டத்துக்கு வாங்க" என்றது ஆள்காட்டி.

அப்படியே முடிவானது. இனிமேல் கமிட்டி கிளையில் கூடாது, தரையில்தான் கூடும். திடலை மேற்பார்வை பார்க்கிறவர் தினமும் திடலில் இறங்கி ஆட வேண்டும். மறுநாள் பந்தயத்தில் மயிலும் ஓடியது. ஆமைக்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்தது. அதற்குக் கிடைத்த கைதட்டல், தோகை விரித்து ஆடிய நாட்களில்கூடக் கிடைத்ததில்லை.

அன்று காலையில்தான் நான்கு முட்டைகளும் பொரிந்திருந்தன. ஆள்காட்டிக் குஞ்சுகள் ஓட்டை உடைத்த அன்றே ஓடும். வெயில் தாழ்ந்ததும் நான்கும் பந்தயத்தின் கடைசியில் சேர்ந்துகொண்டு, தாங்கள் பிறந்த கூட்டையே ஒரு சுற்றுச் சுற்றின. மூன்று சரியாகத் திரும்பின. நாலாவது வேகத்தில் ஒரு கூழாங்கல்லை மிதித்துவிட்டது.

"டிட்டிட்டீ!" என்றது தாய். "ஆட்டம் போச்சு, கண்ணு. வெளிய வா."

குஞ்சு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போய் பன்றித் தலைவியின் பக்கத்தில் நின்றது. பன்றி நகர்ந்து அதற்கு இடம் கொடுத்தது.

ஆகவே, எல்லோருக்கும் பொதுவான இடத்தை அதில் இறங்கிப் புழங்குகிறவர்களால்தான் காப்பாற்ற முடியும். அடுத்தவரை அங்கிருந்து விரட்டும்போது வாயை மூடிக்கொண்டு இருப்பவர் தமக்குரிய இடத்தையும் இழப்பார்.